டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒளிந்திருக்கும் வெற்றிடம்: +2 பாடத்தில் படித்த மில்லிகனின் படிக்காத கதை

மதுரை மேலூர் பக்கம் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றால் சட்டென்று எல்லோருக்கும் தெரியும். சுற்றிலும் வயல்காடு. த்ரீ பேஸ் கரண்ட் வந்த உடனே ஏகப்பட்ட மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். அப்போது லைனில் வோல்டேஜ் இறங்கும். குறைந்த வோல்டேஜில் மோட்டார் அதிக கரண்ட்டை இழுக்கும், சூடாகும், கடைசியில் காயில் போய்விடும். ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போன விவசாயிக்குத்தான் அந்தச் செலவின் வலி தெரியும்.

இந்த இறக்கத்தை ஓரளவுக்குச் சரிக்கட்டுவது எது தெரியுமா? துணை மின் நிலையத்தில் இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்திருக்கும் டேப் சேஞ்சர். புதிதாக வரும் டேப் சேஞ்சர்களில் பலவற்றுக்குள், காற்றே இல்லாத சின்னச் சின்னக் குப்பிகள் இருக்கின்றன. கரண்ட்டை அறுப்பது அந்தக் குப்பிக்குள் இருக்கும் ஒன்றுமில்லாத இடம்தான்.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் மின்சாரத்தை நிறுத்த முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டிய வேலை, ஏறக்குறைய 100 வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் நடந்தது. அதற்குப் பொறி போட்டவர் ராபர்ட் மில்லிகன். ஆமாம், +2 இயற்பியல் புத்தகத்தில் எண்ணெய்த் துளிச் சோதனை என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதே மில்லிகன். நோபல் வாங்கியவர். மாணவருக்குச் சேர வேண்டிய பெயரைத் தானே எடுத்துக்கொண்டார் என்ற புகாருக்கு ஆளானவர். இறந்து 67 வருடம் கழித்து, தான் வளர்த்த கல்லூரியிலிருந்தே பெயர் நீக்கப்பட்டவர். யார் இவர்? முழுக் கதையைப் பார்க்கலாம்.

டேப் சேஞ்சர் என்ன செய்கிறது?

முதலில் இதைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு பக்கமும் செப்புக் கம்பிச் சுற்றுகள் இருக்கும். ஒரு பக்கச் சுற்றுக்கும் மறுபக்கச் சுற்றுக்கும் உள்ள விகிதம்தான் வோல்டேஜை முடிவு செய்கிறது. ஒரு பக்கத்தில் சில சுற்றுகளைக் கூட்டினாலோ குறைத்தாலோ வெளியே வரும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அதற்காகவே சுற்றின் நடுநடுவே கம்பியை வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். அதுதான் டேப். ஒரு படிக்கு 1.25 சதவிகிதம் என்பது நம் ஊர் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் வழக்கமான கணக்கு.

தெருமுனையில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கரண்ட்டை நிறுத்திவிட்டு டேப் மாற்றலாம். துணை மின் நிலையத்தில் அது நடக்காது. ஒரு பிர்காவே இருட்டாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். ஒரு டேப்பை விட்டு அடுத்த டேப்பைப் பிடிக்கும் அந்த நொடியில் கரண்ட் அறுபடவும் கூடாது, இரண்டு டேப்புக்கும் நடுவே ஷார்ட் ஆகவும் கூடாது.

1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஹார்ட் யான்சன் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நடுவில் மின்தடைகளைப் பாலம் மாதிரி வைத்து, முறுக்கிய ஸ்பிரிங்கை விடுவித்து, நொடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் மாற்றிவிடுவது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஆனால் ஒரு தொந்தரவு இருந்தது. ஒவ்வொரு முறை மாறும்போதும் எண்ணெய்க்குள் ஒரு தீப்பொறி வெடிக்கும். எண்ணெய் கருகும், கரி சேரும், காண்டாக்ட் தேயும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தி, எண்ணெயை மாற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தத் தீப்பொறியை எண்ணெயிலிருந்து பிரித்து ஒரு வெற்றிடக் குப்பிக்குள் அடைத்ததுதான் பின்னால் வந்த மாற்றம்.

கிரேக்கம் படித்தவர், இயற்பியல் நடத்தினார்

மில்லிகன் பிறந்தது 1868 மார்ச் 22. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மாரிசன் என்ற சிற்றூர். அப்பா சைலஸ் ஒரு பாதிரியார். அம்மா மேரி ஜேன் திருமணத்துக்கு முன் கல்லூரியில் பொறுப்பு வகித்தவர். பிள்ளைகள் வளர்ந்தது அயோவா மாநிலத்தின் மக்கோகெட்டாவில்.

ஓபர்லின் கல்லூரியில் மில்லிகன் விரும்பிப் படித்தது இயற்பியல் இல்லை, கிரேக்க மொழி. இரண்டாம் ஆண்டு முடியும்போது கிரேக்கப் பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, கல்லூரியின் பயிற்சிப் பள்ளியில் அடுத்த வருடம் இயற்பியல் நடத்தச் சொன்னார். தனக்கு இயற்பியல் ஒன்றுமே தெரியாது என்று மில்லிகன் தயங்கினார். கிரேக்கத்தில் நன்றாகத் தேறியவனால் இயற்பியலும் நடத்த முடியும் என்பது பேராசிரியரின் வாதம். நம் ஊரில் தமிழ் இலக்கியம் படிக்கும் பையனைப் பிடித்து பிசிக்ஸ் வகுப்புக்கு அனுப்புவது மாதிரிதான். பையனுக்குப் பணம் தேவைப்பட்டது, ஒத்துக்கொண்டார். விடுமுறை முழுவதும் ஒரு பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதில் இருந்த கணக்குகளை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்துக் கற்றார். பின்னாளில் அவர் எழுதிய பாடப் புத்தகங்களில் கணக்குகளுக்கு அத்தனை முக்கியத்துவம் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1895இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அங்கே மைக்கேல் புபின் என்ற பேராசிரியர் தன் கைக்காசில் 300 டாலர் கடன் கொடுத்து ஜெர்மனிக்குப் போகச் சொன்னார். அந்தக் காலத்தில் இயற்பியலுக்கு ஜெர்மனிதான் தாய்வீடு. மில்லிகன் அங்கே போன நேரம் பாருங்கள், ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து உலகமே பரபரத்துக்கொண்டிருந்தது. அணுவுக்குள் ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் தேட ஆரம்பித்த காலம் அது.

1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல்சனுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த பத்து, பன்னிரண்டு வருடங்கள் வகுப்பு, பாடப் புத்தகம், ஆய்வுக்கூடக் கையேடு என்றே ஓடியது. 1906இல் ஹென்றி கேல் என்பவரோடு சேர்ந்து எழுதிய பள்ளிப் பாடப் புத்தகம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. நல்ல வாத்தியார் என்று பெயர் இருந்தது. ஆனால் வயது நாற்பதை நெருங்கியும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கண்டுபிடிப்பு இல்லை. அது அவரை உறுத்தியது.

எண்ணெய்த் துளி யாருடையது?

எலக்ட்ரான் இருக்கிறது என்று ஜே.ஜே.தாம்சன் 1897இல் காட்டிவிட்டார். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரியவில்லை. நீராவியில் உண்டாகும் மேகத்தை வைத்து அளந்து பார்த்தார்கள். மில்லிகனும் தண்ணீர்த் துளிகளை மின்புலத்தில் நிறுத்திப் பார்த்தார். துளி கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். எடை மாறினால் கணக்கு மாறும்.

தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய். இதுதான் திருப்பம். வாட்ச்சுக்குப் போடும் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது. சென்ட் அடிக்கிற பாட்டில் மாதிரி ஒரு தெளிப்பானால் எண்ணெயைத் தூவினால், நுண்ணிய துளிகள் மெதுவாகக் கீழே இறங்கும். மேலும் கீழும் இரண்டு உலோகத் தட்டுகள், நடுவில் பல ஆயிரம் வோல்ட். மின்னூட்டம் பெற்ற துளி கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கும், மேலேயும் ஏறும். ஒரே துளியை மணிக்கணக்கில் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். எத்தனை துளியை அளந்தாலும் மின்னூட்டம் ஒரு குறிப்பிட்ட அளவின் மடங்காகவே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அரை கிடையாது. அந்த ஒன்றுதான் எலக்ட்ரான்.

இந்த எண்ணெய் யோசனை யாருடையது என்பதில்தான் சிக்கல். 1909இல் கனடாவின் வின்னிபெக் மாநாட்டிலிருந்து ரயிலில் திரும்பும்போது தனக்குத் தோன்றியதாக மில்லிகன் எழுதினார். அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஹார்வி ஃப்ளெட்சர் சொன்ன கதை வேறு. மருந்துக் கடையில் தெளிப்பான் வாங்கி, முதல் கருவியைத் தானே ஒட்டவைத்து, துளிகள் மின்னுவதை முதலில் பார்த்ததே தான் என்று அவர் எழுதி வைத்தார். கட்டுரை எழுதும் நேரம் வந்தபோது மில்லிகன் ஃப்ளெட்சரின் வீட்டுக்கே போய் ஓர் ஏற்பாட்டைச் சொன்னாராம். எண்ணெய்த் துளிக் கட்டுரையில் மில்லிகன் பெயர் மட்டும். அதையொட்டிய இன்னொரு கட்டுரையில் ஃப்ளெட்சர் பெயர் மட்டும், அதை வைத்து அவர் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். மாணவர் என்ன செய்வார்? சரி என்றார்.

ஃப்ளெட்சர் இதை ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. மில்லிகனோடு கடைசிவரை நட்பாகவே இருந்தார். பெல் ஆய்வுக்கூடத்தில் ஒலி, காது கேட்கும் திறன் பற்றிய ஆராய்ச்சியில் பெரிய பெயர் வாங்கினார். 1981இல் அவர் இறந்த பிறகுதான், அவர் எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்பு 1982இல் வெளியானது. இன்றைய ஆராய்ச்சி மாணவர்கள் படித்தால், அட இது நம்ம டிபார்ட்மென்ட் கதையாச்சே என்று சிலர் நினைக்கக்கூடும்.

இன்னொரு சர்ச்சையும் உண்டு. 1913 கட்டுரையில் 58 துளிகளின் அளவுகளைக் கொடுத்த மில்லிகன், எதையும் பொறுக்கி எடுக்கவில்லை என்ற தொனியில் எழுதினார். அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பின்னாளில் வரலாற்றாசிரியர் ஜெரால்ட் ஹோல்டன் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் இருந்தன. பிடிக்காததை விட்டுவிட்டாரா? விட்ட துளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் விடை பெரிதாக மாறவில்லை என்று பிறகு காட்டினார்கள். அதனால் மோசடி என்று சொல்வது அதிகப்படி. ஆனால் கட்டுரையில் எழுதியதும் நோட்டில் இருப்பதும் ஒன்றல்ல என்பது நிஜம்.

அவருடைய விடை இன்றைய அளவைவிட சுமார் 0.6 சதவிகிதம் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் கொஞ்சம் பிசகு. இதில் சுவாரஸ்யம், அவருக்குப் பின்னால் அளந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். பெரிய மனிதர் சொன்னதிலிருந்து ரொம்ப விலகி வந்தால் தன்மேல் தப்பிருக்குமோ என்று பயந்தார்கள் என்பதை இயற்பியலாளர் ஃபைன்மன் பின்னாளில் சுட்டிக்காட்டினார்.

ஐன்ஸ்டீனை மடக்கப் போனவர்

ஒளி துகள்களாக வருகிறது என்று ஐன்ஸ்டீன் 1905இல் சொன்னதை மில்லிகன் நம்பவில்லை. தவறு என்று நிரூபிக்கவே பல வருடம் செலவழித்தார். ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்புகிறது அல்லவா, அதை அளக்க உலோகப் பரப்பு பரிசுத்தமாக இருக்க வேண்டும். காற்று பட்டால் சோடியம், பொட்டாசியம் மாதிரி உலோகங்கள் நொடியில் துரு பிடித்துவிடும்.

அதனால் மில்லிகன் ஒரு கண்ணாடிக் கலத்தைக் காற்றில்லாமல் உறிஞ்சி, அதற்குள்ளேயே ஒரு சின்னப் பட்டறையைக் கட்டினார். வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கப்படும் கத்தி உள்ளே உலோகத்தைச் சீவும், உலோகம் திரும்பும், ஒளி படும், அளவு எடுக்கப்படும். எல்லாம் வெற்றிடத்துக்குள். 1916இல் முடிவு வெளியானது. ஐன்ஸ்டீனின் சமன்பாடு அப்படியே சரி. மடக்கப் போனவரே சாட்சியாகிவிட்டார். ஆனாலும் ஒளித்துகள் என்ற விளக்கத்தை ஏற்க அவருக்கு இன்னும் பல வருடம் பிடித்தது. 1923இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எலக்ட்ரான் அளவு, ஒளிமின் விளைவு இரண்டுக்கும் சேர்த்து.

நம் கதைக்கு முக்கியமானது அந்த வெற்றிடப் பட்டறை. உலோகத்தையும் வெற்றிடத்தையும் ஒன்றாக வைத்து வேலை பார்ப்பதில் அவருக்குக் கைப்பழக்கம் வந்துவிட்டது.

பாசடேனாவில் ஒரு சுவிட்ச்

முதல் உலகப் போர் முடிந்ததும் மில்லிகனுக்கு கலிஃபோர்னியாவிலிருந்து அழைப்பு. பாசடேனாவில் த்ரூப் கல்லூரி என்று இருந்தது 1920இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம் ஆகியிருந்தது. சுருக்கமாக கால்டெக். 1921இல் மில்லிகன் அங்கே போய்ச் சேர்ந்தார். தலைவர் என்ற பட்டம் வைத்துக்கொள்ளவில்லை, நிர்வாகக் குழுவின் தலைமை என்ற பெயரிலேயே 1945 வரை நடத்தினார். பணக்காரர்களிடம் நன்கொடை வாங்குவதில் கெட்டிக்காரர்.

அந்த நேரத்தில் தெற்கு கலிஃபோர்னியாவில் ஒரு புதுப் பிரச்சனை. சியரா மலையில் பிக் கிரீக் நீர்மின் நிலையம். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பல நூறு கிலோமீட்டர் மின்கம்பி. 1923இல் அந்த லைனை 2,20,000 வோல்ட்டுக்கு ஏற்றினார்கள். உலகத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு வோல்டேஜில் மின்சாரம் அனுப்பியதில்லை. அனுப்புவது ஒரு பிரச்சனை என்றால், நிறுத்துவது அதைவிடப் பெரிய பிரச்சனை. சுவிட்ச்சைத் திறந்தால் கரண்ட் நிற்காது, இடைவெளியில் நெருப்பாகத் தாவி ஓடும். அதை அணைக்க ஆள் உயரத்தைத் தாண்டும் தொட்டிகளில் எண்ணெய் நிரப்பி, அதற்குள் சுவிட்ச்சை வைத்தார்கள். தொட்டி வெடித்தால் அந்த இடமே எரியும்.

அந்த மின் நிறுவனத்தின் பண உதவியில் கால்டெக்கில் பத்து லட்சம் வோல்ட் ஆய்வுக்கூடம் எழுந்தது. அதன் பொறுப்பாளர் ராயல் சோரன்சன். 1910லிருந்தே அங்கே மின்பொறியியல் பேராசிரியர்.

இதே வளாகத்தில் மில்லிகன் என்ன செய்துகொண்டிருந்தார்? நல்ல வெற்றிடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இரண்டு உலோக முனைகளை வைத்து, எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தால் பொறி தாவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பொறியின் ஒளி வேண்டும், குளிர்ந்த உலோகத்திலிருந்து மின்புலம் எலக்ட்ரானைப் பிய்த்து எடுப்பது எப்படி என்று தெரிய வேண்டும். ஆனால் அவர் கவனித்தது இன்னொன்று. அந்தத் துளி இடைவெளி பல பத்தாயிரம் வோல்ட்டைத் தாங்கி நின்றது. காற்றில் வைத்தால் எப்போதோ தாவியிருக்கும்.

காரணம் எளிது. காற்றில் மின்சாரம் தாவ வேண்டுமானால் நடுவில் காற்றின் மூலக்கூறுகள் உடைந்து வழி அமைத்துக் கொடுக்க வேண்டும். வெற்றிடத்தில் உடைய எதுவுமே இல்லை. அப்படியானால் சுவிட்ச்சையே வெற்றிடத்தில் வைத்தால்? சோரன்சன் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். ஹாலன் மெண்டன்ஹால் என்ற இளைஞரும் சேர்ந்தார்.

அவர்கள் செய்த சுவிட்ச் பார்ப்பதற்குக் கண்ணாடிக் குடுவை. உள்ளே செப்புக் காண்டாக்ட். திறந்தபோது காண்டாக்ட் உலோகமே கொஞ்சம் ஆவியாகி, அந்த ஆவி வழியாகக் கரண்ட் ஓடியது. ஏசி மின்சாரத்தில் கரண்ட் ஒரு நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கணக்கில் நொடிக்கு 100 முறை. அந்தப் பூஜ்யத்தில், உலோக ஆவி சுற்றியுள்ள சுவரில் போய் உறைந்துவிடும். இதற்கு ஆகும் நேரம் மைக்ரோ நொடிக் கணக்கு. மறுபடி தாவ வழி இல்லை. கரண்ட் செத்தது.

1926இல் சோரன்சனும் மெண்டன்ஹாலும் அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தில் முடிவுகளைக் கொடுத்தார்கள். சுமார் 40,000 வோல்ட்டில் 900 ஆம்பியருக்கு மேல் அறுத்துக் காட்டியிருந்தார்கள். எண்ணெய் இல்லை, தொட்டி இல்லை, சத்தமும் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுத்தது.

அப்புறம் என்ன ஆச்சு? படுத்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம். மலைமேல் இருக்கும் மின் நிலையத்தில் குப்பி பல வருடம் தானே காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கண்ணாடியும் உலோகமும் ஒட்டும் இடத்தில் கசிந்தது. உலோகத்துக்குள்ளேயே வாயு ஒளிந்திருந்தது. ஒவ்வொரு முறை பொறி வெடிக்கும்போதும் அது வெளியே வந்து வெற்றிடத்தைக் கெடுத்தது. வாயுவே இல்லாத உலோகத்தை உருவாக்கும் வித்தை 1930களில் யாரிடமும் இல்லை. யோசனை சரி, பொருள்தான் இல்லை.

மெட்ராஸ் வானில் பறந்த பலூன்

மில்லிகன் அதற்குள் வேறொரு பக்கம் போய்விட்டார். விண்வெளியிலிருந்து வரும் ஒரு கதிரை விக்டர் ஹெஸ் 1912இலேயே கண்டுபிடித்திருந்தார். அதற்கு காஸ்மிக் கதிர் என்று 1925இல் பெயர் வைத்தவர் மில்லிகன். அது ஒளி மாதிரியான கதிர் என்பது அவர் பிடிவாதம். ஆர்தர் காம்ப்டன் உலகம் முழுக்க அளந்துவிட்டு, அது மின்னூட்டம் உள்ள துகள் என்றார். மின்னூட்டம் இருந்தால் பூமியின் காந்தம் அதைத் திருப்பும், நிலநடுக்கோட்டுப் பக்கம் குறைவாக வரும். 1932 கடைசியில் இருவரும் மேடையில் மோதிக்கொண்டது அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய செய்தி. கடைசியில் காம்ப்டன் பக்கம்தான் உண்மை நின்றது.

தோற்ற பிறகு மில்லிகன் செய்தது சுவாரஸ்யம். அளப்பதை அவர் விடவில்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. மெட்ராஸ் அதற்கு மிக அருகில். அதனால் அவருடைய குழு 1930களின் நடுவில் மெட்ராஸிலிருந்து கருவிகளைப் பலூனில் கட்டி மேலே அனுப்பியது. வடக்கே கனடாவின் சாஸ்கட்டூன், அமெரிக்காவின் ஒமாஹா, சான் அன்டோனியோ, தெற்கே நம் மெட்ராஸ். வளிமண்டலத்தின் உச்சிவரை எந்த ஊரில் எவ்வளவு கதிர் என்று அவர்கள் வரைந்த கோடுகளில் மெட்ராஸ் கோடுதான் மிகத் தாழ்வாக இருந்தது. அந்த வரைபடம் பல இயற்பியல் பாடநூல்களில் இடம்பிடித்தது.

1939 கடைசியில், எழுபது வயதைத் தாண்டிய மில்லிகன் தாமே இந்தியா வந்தார். கூடவே விக்டர் நெஹரும் வில்லியம் பிக்கரிங்கும். பெங்களூரு, ஆக்ரா, இன்று பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவர் ஆகிய ஊர்களில் பலூன் விட்டார்கள். இந்த பிக்கரிங்தான் பின்னாளில் 1958இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளை அனுப்பிய ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்.

பெயர் நீக்கம் ஏன்?

இதே 1930களில் மில்லிகன் இன்னொரு இடத்திலும் இருந்தார். பாசடேனாவில் மனித மேம்பாட்டு அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு. பெயர் நல்ல பெயர். வேலை என்னவென்றால், மனநலம் குன்றியவர்கள், தகுதியற்றவர்கள் என்று அரசு முத்திரை குத்தும் ஆட்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை ஆதரித்துப் பிரசாரம் செய்வது. கலிஃபோர்னியாவில் 1909லிருந்தே அதற்குச் சட்டம் இருந்தது. அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 20,000 பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. ஏழைகள், வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள், மெக்சிகோ வம்சாவளியினர் அதிகம். அந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களில் ஒருவர் மில்லிகன்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று ஒரு வாதம் வரும். எல்லோரும் இல்லை. அன்றைக்கே எதிர்த்த விஞ்ஞானிகள் இருந்தார்கள். தவிர, ஒரு பெண் இயற்பியலாளரை வேலைக்கு எடுக்கலாமா என்று டியூக் பல்கலைக்கழகத் தலைவர் கேட்டபோது, வேண்டாம் என்ற தோரணையில் 1936இல் மில்லிகன் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் ஹெர்த்தா ஸ்போனர். டியூக் அந்த ஆலோசனையைக் கேட்கவில்லை, ஸ்போனரை எடுத்துக்கொண்டது.

1953 டிசம்பர் 19இல் மில்லிகன் இறந்தார், வயது 85. வெற்றிட சுவிட்ச் கடைத்தெருவுக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1950களில் உலோகத்தைச் சுத்திகரிக்கும் புது முறைகள் வந்தன. பீங்கானையும் உலோகத்தையும் கசியாமல் ஒட்டும் வித்தை கைகூடியது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் டி.எச்.லீயும் சகாக்களும் பழைய கால்டெக் வேலையை மறுபடி தூசு தட்டினார்கள். 1962இல் மின்வலைக்கான வெற்றிட சர்க்யூட் பிரேக்கர் அறிவிக்கப்பட்டது. சோரன்சன் 1965 வரை இருந்தார். அவருக்காவது அதைப் பார்க்கக் கொடுத்துவைத்தது.

சர்க்யூட் பிரேக்கருக்கு வந்தது டேப் சேஞ்சருக்கு வர இன்னும் காலம் பிடித்தது. காரணம் வேலையின் தன்மை. பிரேக்கர் எப்போதாவது விழும். டேப் சேஞ்சர் தினமும் பலமுறை மாற வேண்டும், வருடத்துக்கு ஆயிரக்கணக்கில். குப்பியின் ஒரு முனை அசையும்படி அதற்கு ஒரு உலோக மடிப்புக் குழாய் உண்டு, அக்கார்டியன் மாதிரி. அது லட்சக்கணக்கான முறை மடங்கி விரிந்தும் கிழியக் கூடாது. அதோடு, எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரின் ஓரத்தில் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முதலில் வந்தது. யான்சனின் வடிவமைப்பைத் தயாரித்துவந்த ரெகன்ஸ்பர்கின் ரெய்ன்ஹவுசன் நிறுவனம் 2000ஆம் ஆண்டு வாக்கில் வெற்றிட டேப் சேஞ்சரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்று லட்சம் முறை மாற்றும்வரை பெரிய பராமரிப்பு தேவையில்லை என்கிறது தயாரிப்பாளர் கணக்கு. எண்ணெய் கருகாது என்பதால், கரியை வடிகட்டும் வேலையும் இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. சென்னையை அடுத்த திருநின்றவூரில் இந்த ஜெர்மன் நிறுவனத்தின் கூட்டோடு டேப் சேஞ்சர் ஆலை நடந்து வந்திருக்கிறது. துணை மின் நிலையங்களில் 11 கேவி, 22 கேவி பக்கம் வெற்றிட பிரேக்கர்கள் வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் பழைய எண்ணெய் டேப் சேஞ்சர்களும் இன்னும் ஏராளம். ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் முப்பது, நாற்பது வருடம் உழைக்கும், அதை அவ்வளவு சீக்கிரம் யாரும் கழற்றிப் போட மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாட்களில் ஊழியர்கள் பார்க்கிற பலவற்றில் இந்த எண்ணெயும் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டேப் சேஞ்சர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வயல்வரை போகும் கம்பி நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் அங்கே வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். அதற்குப் புது டிரான்ஸ்ஃபார்மரும் தடிமனான கம்பியும்தான் மருந்து.

கால்டெக்கில் மில்லிகன் பெயரில் ஒன்பது மாடி நூலகக் கட்டடம் இருந்தது. 2020இல் மாணவர்களும் பழைய மாணவர்களும் மனுக் கொடுத்தார்கள். ஒரு குழு போட்டு, பழைய ஆவணங்களைப் புரட்டி, மாதக்கணக்கில் விவாதித்தார்கள். 2021 ஜனவரியில், கருத்தடை அறக்கட்டளையோடு தொடர்புடைய மற்றவர்களின் பெயரோடு மில்லிகன் பெயரையும் நீக்க நிர்வாகக் குழு முடிவு செய்தது. அந்தக் கட்டடத்துக்கு இப்போது கால்டெக் ஹால் என்று பெயர்.